மார்சலேட்டரா, பையும் கத்தியுமா? தியேட்டர் மேசையிலிருந்து ஒரு ரிவ்யூ

வயிற்றில் சின்னத் துளைகள் போட்டு கேமரா விட்டுச் செய்யும் லேப்ராஸ்கோப்பியில் கர்ப்பப்பை எடுப்பதைப் பற்றிப் பேச்சு வந்தால் கேமரா எவ்வளவு தெளிவு, ரத்தக்குழாயை மூட எந்த மெஷின், தையலுக்கு எந்த நூல் என்றுதான் எல்லோரும் பேசுவார்கள். பிரித்தெடுத்த கர்ப்பப்பையை அந்தச் சின்ன ஓட்டை வழியாக எப்படி வெளியே கொண்டுவருவது என்பதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. ஸ்க்ரப் நர்ஸாக மேசைக்கு இந்தப் பக்கம் நின்று கருவி எடுத்துக் கொடுக்கிற எனக்கு, மொத்த ஆபரேஷனிலும் அதிகக் கவனம் தேவைப்படுகிற கட்டம் அதுதான். அதனால் நான் கையில் பிடித்து, பூட்டி, கழுவி, ஸ்டெரிலைஸ் செய்து பழகிய கருவிகளைப் பற்றி மட்டும் இங்கே எழுதுகிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வயிற்றுக்குள்ளேயே திசுவைச் சுழலும் பிளேடால் வெட்டி எடுக்கும் மோட்டார் மார்சலேட்டரை விட, திசுவைப் போட்டு வெட்ட ஒரு நல்ல பையும் ஒரு சாதாரண சர்ஜிக்கல் பிளேடும்தான் என் தேர்வு. பை இல்லாமல் மோட்டாரை வயிற்றுக்குள் ஓட்டுவதை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன்.

முதலில் கணக்கைப் புரிந்துகொள்ளுங்கள். சாதாரணக் கர்ப்பப்பை ஒரு கைப்பிடி அளவுதான், நூறு கிராமுக்கும் உள்ளே. ஃபைப்ராய்டு என்கிற, புற்றல்லாத தசைக்கட்டிகள் வளர்ந்துவிட்டால் அதுவே அரைக் கிலோ, ஒரு கிலோ, அதற்கு மேலும் போகும். வயிற்றில் நாம் போடும் துளைகள் 5 மில்லிமீட்டரிலிருந்து 12, 15 மில்லிமீட்டர் வரை. "சிஸ்டர், அவ்ளோ பெரிய கட்டி இந்த ஓட்டை வழியா எப்படி வெளிய வரும்?" என்று ஒரு நோயாளியின் அக்கா என்னிடம் கேட்டார். எல்லாக் குடும்பமும் டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்வி அது, ஆனால் பத்தில் ஒருவர் கூடக் கேட்பதில்லை.

கர்ப்பப்பையை வாயோடு சேர்த்து முழுதாக எடுக்கும் ஆபரேஷனாக இருந்தால் பெரும்பாலும் எந்த மெஷினும் தேவையில்லை. பெண்ணுறுப்பின் மேல்பகுதியைத் திறந்துதான் கர்ப்பப்பையைப் பிரிக்கிறார்கள், அந்த வழியாகவே வல்செல்லம் என்ற பல் வைத்த பிடிகருவி போட்டு இழுத்து எடுத்துவிடலாம். பெரிதாக இருந்தால் கீழே உட்கார்ந்து இரண்டாகப் பிளந்தோ, நடுப்பகுதியைக் குடைந்து மெலிய வைத்தோ எடுப்பார்கள். சாதாரணக் கத்தி, இரண்டு மூன்று வல்செல்லம், பக்கச் சுவரை விலக்கிப் பிடிக்க நல்ல ரிட்ராக்டர், இவ்வளவுதான் தேவை. கர்ப்பப்பை வெளியே வந்ததும் வயிற்றில் இருக்கும் வாயு கசிந்து போகாமலிருக்க, ஒரு கையுறைக்குள் மாப்பைத் திணித்துக் கட்டி உள்ளே அடைத்துவிடுவோம். பழைய வழிதான், இன்றைக்கும் அதை மிஞ்ச எதுவும் இல்லை. வயிற்றில் கூடுதல் வெட்டு இல்லை, துண்டுகள் குடலுக்கு நடுவே சிதறும் பயமும் குறைவு. பெரிய கட்டியைக் கீழ்வழியாக வெட்டி எடுக்கும்போதும் முதலில் ஒரு பைக்குள் போட்டுவிட்டு, அதன் வாயைக் கீழே இழுத்துப் பிடித்துக்கொண்டு வெட்டும் டாக்டர் மேடம் ஒருவரிடம் நான் வேலை பார்த்திருக்கிறேன். அந்த ஒரு பழக்கத்துக்காகவே அவர் மேல் எனக்குத் தனி மரியாதை.

சிக்கல் வருவது மற்ற இடங்களில். கர்ப்பப்பை வாயை விட்டுவிட்டு மேல்பகுதியை மட்டும் எடுக்கும் ஆபரேஷனில் கீழ்வழி திறக்கப்படுவதே இல்லை. கட்டியை மட்டும் எடுத்துவிட்டுக் கர்ப்பப்பையைக் காப்பாற்றும் மயோமெக்டமியிலும் அப்படித்தான். சிலருக்குச் சுகப்பிரசவமே ஆகியிருக்காது, வழி குறுகலாக இருக்கும். அங்கேதான் மோட்டார் மார்சலேட்டர் மேசைக்கு வருகிறது.

நான் அதிகம் கையாண்டது கார்ல் ஸ்டோர்ஸ் கம்பெனியின் ரோட்டோகட் ஜி1. 12, 15 மில்லிமீட்டர் என இரண்டு அளவில் வரும். கைப்பிடிக்குள் ஓர் உருளைக் குழாய், அதன் முனையே வட்டமான பிளேடு. காலால் பெடலை மிதித்தால் குழாய் சுழலும். குழாய்க்குள்ளேயே நகம் வைத்த கிராஸ்பர் என்ற பிடிகருவியை விட்டுத் திசுவைக் கவ்வி மெதுவாக இழுக்க, சாத்துக்குடித் தோலை ஒரே சுருளாக உரிப்பது போல நீள நீளமான கீற்றாக வெளியே வரும். நன்றாகப் பழகிய கை ஓட்டும்போது பார்க்க அழகாகவே இருக்கும், மறுக்கவில்லை. பெரிய கட்டி கண் முன்னே கரைந்துகொண்டே போகும். கருவியும் தரமானது. முழுதாகப் பிரித்துக் கழுவ முடிகிறது, பாகங்கள் ஒன்றோடொன்று இழுபறி இல்லாமல் பொருந்துகின்றன. டென்மார்க்கின் லீனா கம்பெனியில் பேட்டரியில் ஓடும், ஒரு தடவை உபயோகித்துத் தூக்கிப்போடும் எக்ஸைஸ் என்ற மாடல் இருக்கிறது. ஒயர் இல்லை, தனி மோட்டார் பெட்டி இல்லை, பிளேடு மழுங்கும் கவலையும் இல்லை. ஆனால் ஒவ்வொரு கேஸுக்கும் புதிது வாங்க வேண்டும் என்பதால், சின்ன நர்சிங் ஹோம்களுக்குக் கட்டுப்படியாவது கஷ்டம்.

இந்தக் கருவியில் எல்லாப் பயிற்சியிலும் சொல்லித்தரும் ஒரே விதி: திசுவைப் பிளேடுக்கு இழுத்து வா, பிளேடைத் திசுவுக்குள் தள்ளாதே. பிளேடு முனை எப்போதும் திரையில் தெரிய வேண்டும். புகையோ ரத்தமோ கேமராவை மறைத்தால் அந்த நொடியே பெடலிலிருந்து கால் வெளியே வர வேண்டும். கீழே கிடப்பது குடலும் பெரிய ரத்தக்குழாய்களும், சுழலும் கத்திக்கு அவற்றுக்கும் கட்டிக்கும் வித்தியாசம் தெரியாது. இந்தக் கருவியால் குடலிலும் ரத்தக்குழாயிலும் காயம் ஏற்பட்டு உயிர் போன சம்பவங்கள் மருத்துவ இதழ்களிலேயே பதிவாகியிருக்கின்றன.

பிளேடு மழுங்கினால் இன்னும் மோசம். நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில், கம்பெனி பெயர் வேண்டாம், ஒரே பிளேடை எல்லை தெரியாமல் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். மழுங்கிய பிளேடு கீற்றாக வெட்டாது, பிய்க்கும். பிய்த்ததில் சின்னச் சின்னத் தூளாக நாலாபக்கமும் தெறிக்கும், திரையில் பார்க்கும்போதே தெரியும், குடல் மேல் வெள்ளை வெள்ளையாக ஒட்டியிருக்கும். பிளேடு மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்தேன், "இன்னும் ஓடுது இல்ல சிஸ்டர்" என்று பதில் வந்தது. ஓடுவது வேறு, வெட்டுவது வேறு. கழுவுவதிலும் அலட்சியம் கூடாது. உள்குழாயில் திசு காய்ந்துவிட்டால் அப்புறம் எந்தப் பிரஷ்ஷாலும் முழுதாக எடுக்க முடியாது. கேஸ் முடிந்த கையோடு பிரித்து, என்சைம் கரைசலில் ஊறவைத்து, நீள பிரஷ் விட்டுத் தேய்த்து, வெளிச்சத்துக்கு நேரே குழாயைப் பிடித்து உள்ளே பார்த்த பிறகுதான் நான் ஸ்டெரிலைஸ் செய்யும் பிரிவான சி.எஸ்.எஸ்.டி.க்கு அனுப்புவேன்.

தெறிக்கிற அந்தத் தூள்தான் எல்லாப் பிரச்சினைக்கும் வேர். நோயாளி தலை தாழ்ந்த நிலையில் படுத்திருப்பதால் உள்ளே விழும் துணுக்குகள் மேல்வயிறு நோக்கிப் போகும், ஈரல் அடிவரைக்கும். ஆபரேஷன் முடிந்து மேசையைத் தலைப்பக்கம் உயர்த்தி, லிட்டர் கணக்கில் சலைன் விட்டுக் கழுவி உறிஞ்சினாலும், கண்ணுக்குத் தப்பியது உள்ளேயே தங்கும். சாதாரண ஃபைப்ராய்டு துணுக்காக இருந்தால் கூட அது குடல் மேலோ வயிற்று உட்சுவரிலோ ஒட்டிக்கொண்டு, சில வருடம் கழித்துப் புதுக் கட்டியாக வளர்ந்து நிற்கலாம். அந்தத் துணுக்கு புற்றுநோயாக இருந்துவிட்டால்?

அமெரிக்காவில் இந்தக் கேள்வியைச் சந்திக்க வேண்டிவந்தது. முழுக் கர்ப்பப்பை எடுக்கும் ஆபரேஷனை லேப்ராஸ்கோப்பியில் ஹாரி ரைக் என்ற டாக்டர் முதலில் செய்தது 1988-இல். மகளிர் அறுவை சிகிச்சைக்கான மோட்டார் மார்சலேட்டருக்கு, அந்நாட்டில் மருந்துக்கும் மருத்துவக் கருவிக்கும் அனுமதி தரும் அரசு அமைப்பான எஃப்.டி.ஏ. அனுமதி கொடுத்தது 1995-இல். ஏறக்குறைய இருபது வருடம் பெரும்பாலும் பையே இல்லாமல் இது ஓடிக்கொண்டிருந்தது. 2013 அக்டோபரில் பாஸ்டனில் ஏமி ரீட் என்ற மயக்க மருந்து நிபுணருக்கு, ஆறு பிள்ளைகளின் தாய், ஃபைப்ராய்டு என்று நினைத்து மார்சலேட்டர் வைத்துக் கர்ப்பப்பை எடுத்தார்கள். பயாப்ஸி ரிப்போர்ட்டில் வந்தது லியோமயோசர்கோமா, கர்ப்பப்பைத் தசையில் வரும் புற்றுநோய். கட்டி துண்டானதில் புற்றும் வயிற்றுக்குள் பரவிவிட்டது. அவரும், இதய அறுவை சிகிச்சை நிபுணரான அவர் கணவர் ஹூமன் நூர்சாஷ்மும் ஓயாமல் போராடினார்கள். 2014 ஏப்ரலில் எஃப்.டி.ஏ. எச்சரிக்கை விட்டது: ஃபைப்ராய்டுக்காக ஆபரேஷன் செய்துகொள்ளும் பெண்களில் சுமார் 350 பேரில் ஒருவருக்குக் கண்டறியப்படாத கர்ப்பப்பை சர்கோமா என்ற வகைப் புற்று இருக்கலாம் என்று. அதே வருடம் ஜான்சன் அண்ட் ஜான்சன் தன் எத்திகான் மார்சலேட்டர்களைச் சந்தையிலிருந்தே திரும்ப எடுத்துக்கொண்டது. ஏமி ரீட் 2017 மே மாதம் 44 வயதில் இறந்தார். தானே ஆபரேஷன் தியேட்டரில் வேலை பார்த்த ஒரு பெண்ணுக்கு நேர்ந்தது என்பதால் எனக்கு இதை வெறும் செய்தியாகக் கடந்துபோக முடியவில்லை.

350-இல் ஒருவர் என்ற கணக்கை எல்லோரும் ஏற்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அமெரிக்க மகப்பேறு மருத்துவர் அமைப்பான ஏ.சி.ஓ.ஜி. அது மிகை என்றது. 2019-இல் அவர்கள் வெளியிட்ட கருத்தில் 770 பேரில் ஒருவர் என்பதிலிருந்து 10,000 பேரில் ஒருவருக்கும் குறைவு வரை என்று விரிந்த கணக்கு இருக்கிறது. மார்சலேட்டரைப் பயந்து எல்லோருக்கும் வயிற்றைப் பெரிதாகத் திறந்தால் தொற்று, ரத்தக்கட்டு, தையல் பிரிவது என்று வேறு ஆபத்துகள் கூடும் என்பதும் நியாயமான வாதம்தான். பெரிய கீறலோடு வார்டில் கிடந்து இருமவும் பயப்படும் பெண்களைப் பார்த்தவள் நான். ஆனால் அந்த வாதம் லேப்ராஸ்கோப்பி வேண்டும் என்பதற்குத்தான் பலம் சேர்க்கிறது, பை இல்லாமல் அரைப்பதற்கு அல்ல. 2020 டிசம்பரில் எஃப்.டி.ஏ.வும் அங்கேதான் வந்து நின்றது: மோட்டார் மார்சலேட்டர் என்றால் தகுந்த பைக்குள் மட்டும், மாதவிடாய் நின்றவர்களுக்கும் 50 வயதைத் தாண்டியவர்களுக்கும் வேண்டாம்.

சரி, பைக்கு வருவோம், நான் அதிகம் சொல்ல வேண்டியது இதைப் பற்றித்தான். பை என்றதும் பாலித்தீன் கவர் என்று நினைத்துவிடாதீர்கள். சுருட்டி 12 அல்லது 15 மில்லிமீட்டர் போர்ட், அதாவது துளையில் பொருத்திய குழாய், வழியாக உள்ளே விட்டால் உள்ளே போய் விரிய வேண்டும், வழுக்குகிற கனமான கர்ப்பப்பையை அதற்குள் உருட்டித் தள்ள வாய் அகலமாகத் திறந்து நிற்க வேண்டும், கிராஸ்பர் பல் பட்டால் கிழியக்கூடாது. அப்புறம் பையின் வாயைப் போர்ட் வழியாக வெளியே இழுத்து, பைக்குள்ளேயே வாயுவை ஏற்றினால் அது உள்ளே பலூனாக உப்பிக் குடலை எல்லாம் விலக்கிவிடும். இப்போது கேமரா, பிளேடு, கட்டி எல்லாம் பைக்குள், குடல் பைக்கு வெளியே. முதல் தடவை பார்த்தபோது, இவ்வளவு வருடம் இது இல்லாமல் எப்படிச் செய்தோம் என்றுதான் தோன்றியது.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. பிளேடு ஒரு துளையில் வந்தால் கேமரா வேறு துளையில் வர வேண்டும். சாதாரணப் பையாக இருந்தால் கேமராவுக்காகத் துளை போடும் கருவியான இன்னொரு ட்ரோக்காரால் பையைக் குத்த வேண்டியிருக்கும். குத்திய பிறகு அது என்ன பை? அதனால்தான் கேமராவுக்கென்று தனியாக நீளமான வால் போல ஒரு குழாய்ப்பகுதி வைத்த பைகள் வந்தன. நம் நாட்டிலேயே மும்பைப் பக்கம் வியோல் கம்பெனி தயாரிக்கும் மோர்சேஃப் அந்த வகை. வேலை முடிந்ததும் வாலை முடிச்சுப் போட்டுவிட்டுத்தான் பையை வெளியே இழுக்க வேண்டும். அவசரத்தில் முடிச்சை மறந்தால் உள்ளே சேர்ந்த ரத்தமும் துணுக்கும் வால் வழியாக வயிற்றுக்குள்ளேயே கொட்டும். "மேடம், வால் கட்டியாச்சா?" என்று சத்தமாகக் கேட்பதை நான் பழக்கமாகவே வைத்திருக்கிறேன். கட்டியாச்சு என்று பதில் வந்தால்தான் அடுத்த கருவி கொடுப்பேன். 2016-இல் எஃப்.டி.ஏ. அனுமதித்த நியூமோலைனர் பையும் பைக்குள்ளேயே வெட்டும் யோசனையில் வந்ததுதான், ஆனால் பை புற்று பரவுவதைக் குறைக்கும் என்று நிரூபிக்கப்படவில்லை என்ற எச்சரிக்கையையும் அதன் மேலேயே போட வைத்தார்கள். அதை மறைக்கக் கூடாது. பை போட்டாச்சு, இனிப் பயமே இல்லை என்று எந்த நோயாளியிடமும் நான் சொல்வதில்லை.

வெளியே எடுத்த பையை அப்படியே குப்பையில் போட மாட்டேன். பக்கத்து மேசையில் வைத்து மெத்திலீன் புளூ கலந்த சலைன் ஊற்றித் தூக்கிப் பிடித்துப் பார்ப்பேன். அடியில் நீலச் சொட்டு விழுந்தால் எங்கோ ஓட்டை. உடனே மேடத்திடம் சொல்லிவிட்டால், வயிற்றை மூடுவதற்கு முன் இன்னொரு முறை கழுவிப் பார்ப்பார்கள், நோட்ஸிலும் எழுதுவார்கள். இரண்டு நிமிட வேலை. ஒரு தடவை ஊசிமுனை அளவு ஓட்டையிலிருந்து நீலம் கோடாக இறங்கியதைப் பார்த்தேன், வெறும் கண்ணுக்கு அந்த ஓட்டை தெரியவே இல்லை.

விலை என்று வரும்போதுதான் தகராறு. பேக்கேஜ் தொகைக்குள் கேஸ் முடிய வேண்டும் என்றால் முதலில் வெட்டப்படுவது பைதான். கையுறையை வெட்டிப் பையாக்குவார்கள், கேமரா கவரைச் சுருட்டிக் கட்டுவார்கள். சின்னச் சூலகக் கட்டியை எடுக்கக் கையுறைப் பை போதும், நானே தயார் செய்து கொடுத்திருக்கிறேன், நன்றாகவே வேலை செய்யும். ஆனால் அரைக் கிலோ கர்ப்பப்பையை உள்ளே வைத்துச் சுழலும் பிளேடை ஓட்டுவதற்கு அந்தக் கையுறை செய்யப்படவில்லை. ஒரு தடவைக்கென்று எழுதியிருக்கும் பையைக் கழுவி மறுபடி ஸ்டெரிலைஸ் செய்து உபயோகிப்பதையும் ஓரிடத்தில் பார்த்தேன். மடிப்பு விழுந்த இடமெல்லாம் பிளாஸ்டிக் வெளிறிப்போயிருந்தது. அன்றைக்கு நான் அதைத் தட்டில் வைக்க மறுத்துவிட்டேன்.

இனிக் கத்தி. தொப்புளில் இரண்டரை, மூன்று சென்டிமீட்டர் கீறல், அதில் அலெக்ஸிஸ் போன்ற வளைய ரிட்ராக்டர், அதற்குள் பையின் வாய். அப்ளைட் மெடிக்கல் கம்பெனி கையால் வெட்டி எடுப்பதற்கென்றே பையும் வளையமும் சேர்த்து ஒரு செட் வைத்திருக்கிறது. கட்டியை டெனாகுலம் என்ற கூர்முனைப் பிடிகருவியால் மேலே இழுத்துப் பிடித்துக்கொண்டு, 10 அல்லது 11-ஆம் நம்பர் பிளேடால் ஆங்கில சி வடிவத்தில் வளைத்து வெட்டுவார்கள். கீற்றை முழுதாக அறுத்துவிடாமல் அடியில் ஒட்டியபடியே விட்டு, பிடியை மாற்றி மாற்றி இழுக்க, கட்டி சுழன்றுகொண்டே நீளக் கீற்றாக வெளியே வரும். துண்டு துண்டாக ஆவதில்லை என்பதுதான் இதில் எனக்குப் பிடித்த விஷயம். கரண்ட் வேண்டாம், பெடல் வேண்டாம், பெரிய முதலீடு வேண்டாம். வெட்டுவதெல்லாம் தோலுக்கு மேலே, கண் முன்னே நடக்கிறது. என் வேலை பிளேடை அடிக்கடி மாற்றிக்கொடுப்பது, ஃபைப்ராய்டு கெட்டியானது, பிளேடு சீக்கிரம் முனை போய்விடும். குறை இல்லாமல் இல்லை: நேரம் பிடிக்கும், டாக்டருக்குக் கை வலிக்கும், கத்தி முனை உள்ளே இறங்கினால் பையே வெட்டுப்படும், கீறலின் உள்படலத்தை ஒழுங்காகத் தைக்காவிட்டால் பின்னால் குடலிறக்கம் வரலாம். இவை எல்லாம் கவனத்தால் தவிர்க்கக்கூடியவை. சிதறிப்போன துணுக்கைத் திரும்பப் பொறுக்க எந்தக் கவனமும் உதவாது.

எந்த வழியில் எடுத்தாலும் வந்த திசு மொத்தமும் ஒரே டப்பாவில், எடை போட்டு, பயாப்ஸிக்குப் போக வேண்டும். துண்டாக வந்திருக்கிறது என்று ஃபாரத்தில் எழுதுங்கள். முழுக் கர்ப்பப்பையைப் பார்த்துப் பழகியவர்களுக்குக் கீற்றுக் குவியலில் எது உள்சுவர், எது வெளிச்சுவர் என்று கண்டுபிடிப்பதே பெரும்பாடு. அதனால் ஆபரேஷனுக்கு முன்பே உள்சுவர் பயாப்ஸி, கர்ப்பப்பை வாய்க்கான பாப் டெஸ்ட், சந்தேகம் இருந்தால் எம்.ஆர்.ஐ. எல்லாம் முடிந்ததா என்று கேஸ் ஷீட்டில் பார்ப்பேன். சர்கோமாவை முன்கூட்டியே உறுதியாகச் சொல்லும் டெஸ்ட் இல்லை என்பதால்தான் பை மேல் நான் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறேன்.

புதிதாகப் பை வாங்கப்போகும் தியேட்டர்களுக்கு ஒன்று. கம்பெனிக்காரர் காட்டும் வீடியோவில் பை தானாக விரிந்து நிற்கும். நிஜத்தில் ஈரமான வயிற்றுக்குள் அது முறுக்கிக்கொள்ளும், வால் எந்தப் பக்கம் என்றே தெரியாது. அதனால் முதல் பையை நோயாளியிடம் பிரிக்காதீர்கள். ஒரு டெமோ பை கேட்டு வாங்கி, டிரெய்னர் பெட்டிக்குள் கையுறையில் தண்ணீர் நிரப்பிக் கட்டிப் போட்டு, டாக்டரும் அசிஸ்டென்டும் ஸ்க்ரப் நர்ஸும் மூன்று பேருமாக உள்ளே விட்டு, விரித்து, வாலைக் கட்டி, வெளியே எடுத்துப் பாருங்கள். மூன்று பேருக்கும் கை பழகிய பிறகு முதல் கேஸைப் போடுங்கள், அன்றைக்கு தியேட்டரில் இன்னொரு பை பிரிக்காமல் ரெடியாக இருக்கட்டும்.